விபூதி வைக்காத படையல்

பேயும் இல்லை, பிசாசும் இல்லை, செத்தவன் மண்ணோடு மண் என்று சைக்கிள் கடை வாசலில் நின்று ஊருக்கே சொன்ன என் அன்பு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதும்போதே, "பின்ன யாருக்கு எழுதுற?" என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது. செத்துப்போன மாமியாரைக் கூப்பிட்டுக் குறி கேட்கப் போன ஒரு ஆளை நீங்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேலி செய்தது நினைவிருக்கிறதா? "உசுரோட இருந்தப்ப அந்தம்மா சொன்னத என்னைக்காவது கேட்டியாய்யா?" என்றீர்கள். அந்த ஆள் அதன்பிறகு நம் கடையில் வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வரவேயில்லை. இப்போது உங்கள் மகள் கிட்டத்தட்ட அதே காரியத்தைச் செய்கிறாள். சிரித்துக்கொள்ளுங்கள்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்கள் கருப்புச் சட்டைத் தோழர்கள் படிப்பார்கள். பங்காளிகளில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். இரண்டு பக்கமும் என்னைத் திட்டும். திட்டட்டும். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. வெள்ளைக்காரன் போய்விட்டான் அப்பா. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். உங்கள் கட்சித் தலைவரோ அதைத் துக்க நாள் என்றுவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் கடையில் கொடி கட்டியிருப்பீர்களா, கடையைச் சாத்திவிட்டுக் குப்புறப் படுத்திருப்பீர்களா? எப்படி யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. ரேஷன் அரிசியில் இன்னமும் கல் பொறுக்குகிறோம். பெரம்பலூரிலிருந்து நம் அரியலூருக்குக் கரிப்புகையில் ஓடிவரும் கரி பஸ் இன்னமும் மேடு கண்டால் நின்றுவிடுகிறது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளுகிறார்கள். நீங்கள் சாகக் கிடந்தபோது அந்த பஸ்ஸில்தான் நான் வந்தேன். அன்று நானும் இறங்கித் தள்ளினேன்.

ஜுரம் அடித்துப் போட்டிருந்தது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது உங்களுக்கு. அம்மாவை வெந்நீர் வைக்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். கொள்ளிச்சட்டி கூடாது, சங்கு கூடாது, கருமாதி கூடாது, படையல் கூடவே கூடாது என்று அடுக்கினீர்கள். "ஒங்கம்மா தாலியக் கழட்டக் கூடாது. பொட்டு அழிக்கக் கூடாது. நான் போனா அதுங்க ஏன் போகணும்?" என்றீர்கள். பிறகு உள்ளங்கையை நீட்டி, "கையில அடிச்சுச் சொல்லு" என்றீர்கள்.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சத்தியத்துல உங்களுக்கு நம்பிக்கை உண்டாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல. ஒனக்கு இருக்குல்ல, அது போதும்" என்றீர்கள்.

கையில் அடித்துக் கொடுத்தேன். உங்கள் கை அனலாகக் கொதித்தது.

உங்கள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தா.பழூர்ப் பக்கத்தில் உங்கள் அப்பா கருப்பசாமி கோயில் சாமியாடி. உங்கள் தங்கைக்கு வாந்திபேதி கண்டபோது அவர் அருள் வந்து ஆடி, நெற்றி நிறைய விபூதி பூசி, பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று தன் வாயாலேயே வாக்குச் சொன்னார். பிள்ளை பிழைக்கவில்லை. அன்றைக்கு விபூதியை உதறியவர்தான் நீங்கள், அதன்பிறகு தொடவில்லை. உங்களுக்கு உதறிவிட்டு வெளியே வர ஒரு வீடு இருந்தது அப்பா. நான் பிறந்ததே வெளியில்தான். சாமி இல்லை என்பதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். எனக்கு அது சோற்றோடு ஊட்டப்பட்டது. இரண்டும் ஒன்றுதானா? இதை நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். தோழர்கள் வந்தார்கள், பேசினார்கள், புதைத்தார்கள். ஊரிலிருந்து வந்த சித்தப்பா மட்டும் புளியமரத்தடியில் தனியாக நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா பொட்டும் தாலியுமாக வீட்டு வாசலில் நின்றாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுவதா, வேண்டாமா என்று தெரியாமல் தயங்கித் தயங்கித் திரும்பிப் போனார்கள். நான் அழவில்லை. உங்கள் மகள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து அம்மாவைப் பார்க்க வந்தபோது எனக்குத் திக்கென்றது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆடியது. "என்னம்மா, ஒடம்புக்கு என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல எழிலு, எறங்க மாட்டேங்குது" என்றாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வியாதி ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், இப்படியே போனால் தாங்காது என்றார்.

மத்தியானம் அவளை உட்கார வைத்துப் பரிமாறினேன். சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தாள்.

"வந்துட்டாரு" என்றாள்.

"யாரும்மா?"

"ஒங்கப்பாதான். தெனமும் இந்த நேரத்துக்கு வந்துடுறாரு. படிக்கு அந்தாண்ட நிக்கிறாரு. உள்ள வரமாட்டேங்கிறாரு."

திரும்பிப் பார்த்தேன். உச்சி வெயில். தெருவில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை அப்பா. ஆனால் அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அது வெட்டவெளியைப் பார்க்கிற கண் இல்லை. சரியாக உங்கள் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் அது நின்றது. அப்போது பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை வந்தது. கொடியில் உங்கள் பழைய சட்டை கிடந்தது, அதிலிருந்துதான் வந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அவரு சாப்புடாம நான் என்னைக்குச் சாப்புட்டிருக்கேன்?" என்றாள் அம்மா. அது உண்மைதான். பெண்ணும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நீங்கள் மேடையில் பேசிவிட்டு வருவீர்கள். வீட்டில் அம்மா நீங்கள் எழுந்த பிறகு உங்கள் தட்டிலேயே போட்டுச் சாப்பிடுவாள். நீங்கள் திட்டிப் பார்த்தீர்கள், கெஞ்சியும் பார்த்தீர்கள். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பிரசாரம் நம் அடுப்படிக்குள் நுழையவில்லை.

"அம்மா, அப்பா செத்துட்டாரும்மா" என்றேன்.

"செத்தவருன்னா படைக்கணும். உசுரோட இருக்காருன்னா சோறு போடணும். நீ ரெண்டும் கூடாதுங்கற. என்னையும் தாலியக் கழட்டக் கூடாதுன்னுட்டீங்க. அப்ப அவரு எங்கதான் போவாரு? வெயில்ல நிக்கிறாருடி."

எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் மருமகனிடம் சொன்னேன். "படைச்சிட்டுப் போயேன், அத்தை பொழைச்சா போதும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கையில் அடித்துக் கொடுத்தவள் நான் அல்லவா? அவர் மேல் பாய்ந்தேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அம்மாவின் கழுத்தெலும்புதான் கண்ணில் நின்றது. உங்களிடம் கொடுத்த வாக்கு பெரிதா, அம்மா பெரிதா? உங்களைக் கேட்டால் நீங்களே என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து யோசித்து ஓய்ந்தேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். அரியலூர் வந்து, படையல் போடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினேன்.

சித்தப்பா ஓடோடி வந்தார். பையில் விபூதி, சூடம், எலுமிச்சம்பழம், தர்ப்பை எல்லாம் கொண்டுவந்திருந்தார். "இப்பவாச்சும் மனசு வந்துச்சே தாயி" என்று என் தலையைத் தடவினார். அவர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்ததும் அம்மா பதறிவிட்டாள்.

"இதெல்லாம் உள்ள வையுங்க. அவரு பாத்துடப் போறாரு."

சித்தப்பா விழித்தார். "படையலுக்குத்தானே அண்ணி கூப்புட்டீங்க?"

"படையலுதான். ஆனா விபூதி கூடாது, சூடம் கூடாது, மந்திரம் கூடாது."

"சூடங்கூட ஏத்தாம அண்ணன் எப்படி அண்ணி வருவாரு?"

"சூடத்தக் கண்டா இந்தத் தெருப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாரு. ஒங்க அண்ணனப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா?"

சித்தப்பா சூடத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார். நான் குபீரென்று சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மா முகத்தில் சிரிப்பில்லை. அவளுக்கு நீங்கள் வாசலில் நிற்பது எவ்வளவு நிச்சயமோ, சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் நிற்கிறீர்கள் என்பதும் அவ்வளவு நிச்சயம். செத்த பிறகும் உங்கள் கொள்கையை நீங்கள் மாற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று அவளைப் போல் நம்பியவர் உங்கள் கட்சியில்கூட யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் செய்தாள். விளக்கு ஏற்றலாமா என்று வெகுநேரம் குழம்பினாள். பிறகு, "உள்ள இருட்டா கெடக்கு. வெளிச்சத்துக்குத்தானே, சாமிக்கு இல்லியே" என்று தானே சமாதானம் சொல்லி ஏற்றினாள். கல் பொறுக்கிய ரேஷன் அரிசி வேண்டாம் என்று கம்பு இடித்துச் சோறாக்கினாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மணைக்கட்டையில் உங்கள் கருப்புச் சட்டையை மடித்து வைத்து அதன் முன்னால் இலை போட்டாள். பக்கத்தில் பீடிக்கட்டு, தீப்பெட்டி. ரயில் ஸ்டேஷன் வாசல் கடையிலிருந்து கண்ணாடிக் கிளாஸில் டீ. அன்றைய பேப்பர்.

"பேப்பரு எதுக்கு அண்ணி?" என்றார் சித்தப்பா, பாதி அழுகையில்.

"படிச்சுக்கிட்டே சாப்புட்டாத்தான் அவருக்கு எறங்கும்."

நம் பங்காளி வீடுகளில் படையல் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலை போட்டு, போனவரைக் கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று சற்று நேரம் சத்தம் போடாமல் காத்திருப்பார்கள். நான் அதைக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. நீங்கள்தான் என்னை ஒரு படையலுக்கும் அனுப்பியதில்லையே.

கூப்பிடுகிற கட்டம் வந்தபோது அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீயே கூப்புடும்மா" என்றேன்.

"நான் என்னான்னு கூப்புடுறது? அவரு பேரச் சொல்லி நான் கூப்புட்டதே இல்ல. 'ஏங்க'ன்னா தெருவுல போறவன்கூடத் திரும்பிப் பாப்பான். பெத்த புள்ள நீதான் கூப்புடணும்."

"நான் கூப்புடுறேன் அண்ணி" என்று சித்தப்பா முன்னால் வந்தார்.

"நீங்க கூப்புட்டா சண்டைக்குத்தான் வருவாரு" என்றாள் அம்மா.

இலை போடுவது வேறு அப்பா. அது அம்மாவின் கைவேலை என்று நான் ஒதுங்கிக்கொள்ளலாம். கூப்பிடுவது அப்படி இல்லை. வாசலில் நின்று, வாயைத் திறந்து, இல்லாத உங்களை இருக்கிறீர்கள் என்று வைத்துக் கூப்பிட வேண்டும். நீங்கள் எனக்குச் சோற்றோடு ஊட்டிய அத்தனையையும் நான் அந்த இடத்தில் துப்ப வேண்டும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றடித்தால் சாய்ந்துவிடுவாள் போல இருந்தாள்.

ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்பா, சாப்பிட வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் எனக்கே விளங்கியது. அது டீச்சரின் குரல் இல்லை. பாவாடை கட்டிய வயதில் தினமும் மத்தியானம் கடைக்கு ஓடிவந்து கூப்பிடுவேனே, அந்தக் குரல். நீங்கள் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமலே "வரேன், நீ போ" என்பீர்கள். என் காது அதற்காகக் காத்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடம்பு முழுவதும் காதாகிக் காத்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றது. அந்த இரைச்சலில் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை.

கதவைச் சாத்தினோம். அம்மா கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லை என்பதை நான் ஏன் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டேன்?

திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா குனிந்து டீ கிளாஸைப் பார்த்தாள். "பாரு, ஆடை வெலகியிருக்கு" என்றாள். விலகித்தான் இருந்தது. ஓட்டு இடுக்கில் காற்று வரும், வண்டி வந்த அதிர்வில் கிளாஸ் ஆடியிருக்கும். காரணம் சொல்ல உங்கள் மகளுக்கா தெரியாது? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். கம்மஞ்சோறு, குழம்பு, கருவாட்டு முள்ளைக்கூட உறிஞ்சிச் சாப்பிட்டாள். ஆறிப்போன டீயையும் குடித்தாள். பீடிதான் மிச்சம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், ஈரக் கையாலேயே நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். நான் எழுவதற்குள் தாலியைக் கழற்றி உங்கள் சட்டை மேல் வைத்துவிட்டாள்.

"அம்மா! அப்பா கூடாதுன்னு சொன்னாரும்மா!"

"அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு, போட்டிருந்தேன். இப்ப சாப்புட்டுட்டுப் போயிட்டாருடி" என்றாள்.

நீங்கள் அப்போதுதான் செத்தீர்கள் அப்பா. புதைத்த அன்று இல்லை. அந்த ஈர நெற்றியைப் பார்த்தபோதுதான். ஊரே கேட்கும்படி அழுதேன். தெருப்பெண்கள் ஓடி வந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நீங்கள் கூடாது என்று சொன்னதில் பாதிக்கு மேல் ஒரே மத்தியானத்தில் நம் வீட்டில் நடந்துவிட்டது. இதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா இப்போது பெரம்பலூரில் என்னோடு இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள்.

"அப்பா இப்பவும் வந்து நிக்கிறாராம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "போனவரு எப்படிடி நிப்பாரு? பைத்தியமா ஒனக்கு?" என்றாள்.

அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்ததும் வகுப்புக் கதவைச் சாத்தப் போகிறேன். கை நின்றுவிடுகிறது. வெளியே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு எதுவும் தெரிவதில்லை, எதையும் நான் நம்பவும் இல்லை. ஆனால் கூப்பிட்டவள் நான். கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? திறந்து வைத்துக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன். மற்ற டீச்சர்கள் புழுக்கம் தாங்காதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வருவதாக இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று எப்படியாவது ஒருமுறை சொல்லிவிடுங்கள் அப்பா.

போன வெள்ளிக்கிழமை உங்கள் பேத்தி தேன்மொழி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றாள். என் கை தானாக நீண்டது. சின்ன வயதில் என் நெற்றியைத் துடைக்க உங்கள் கை நீளுமே, அச்சு அசல் அதே கை. அவள் பின்னால் நகர்ந்துகொண்டு, "தாத்தா திட்டுவாராம்மா?" என்றாள்.

"தாத்தாதான் இல்லையே."

"அப்ப நீ ஏன் எப்பப் பாத்தாலும் வாசலையே பாக்குற?"

கையை இறக்கிக்கொண்டேன். அவள் விபூதியோடேயே தூங்கினாள். நாளைக்கு அவள் தீ மிதிப்பாளோ, கருப்புச் சட்டை போடுவாளோ, எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவிடமிருந்து நீங்கள் எங்கே போனீர்களோ, உங்களிடமிருந்து நான் எங்கே வந்து நிற்கிறேனோ, அவளும் என்னிடமிருந்து எங்கோ போகத்தான் போகிறாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து அதை உடைத்தவள், இன்னொன்று கொடுக்கிறேன். நான் சாகக் கிடக்கும்போது அவளைக் கிட்டே கூப்பிட்டுக் கையை நீட்ட மாட்டேன். இதைச் செய், இதைச் செய்யாதே என்று எதையும் கேட்க மாட்டேன். அவள் எனக்கு இலை போட்டாலும் சரி, என்னை மறந்தே போனாலும் சரி. எவ்வளவு பசித்தாலும் என் பிள்ளையின் வாசலில் நான் வந்து நிற்க மாட்டேன் அப்பா. இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் பெற்ற ஒரே மகள்,
எழிலரசி